பெண் வண்டுக்குத் தனி அச்சு

துணிக்கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால், புது உடுப்பு மாட்டிக்கொண்டு, இடுப்பில் கைவைத்து, எங்கேயோ பார்த்தபடி நிற்குமே ஆளுயரப் பொம்மைகள், அவற்றைச் செய்கிற பட்டறையில்தான் பொம்மையக்காவின் பாதி ஆயுள் போயிற்று. அந்தப் பட்டப்பெயரும் அங்கிருந்து ஒட்டிக்கொண்டு வந்ததுதான்.

மூட்டுகளை உப்புத்தாள் வைத்துத் தேய்க்கிற வேலைக்குத்தான் முதலில் சேர்ந்தாள். நகமும் ரேகையும் சேர்ந்தே தேய்ந்துபோகிற வேலை. மூக்கில் துணி கட்டிக்கொண்டாலும் வீட்டுக்குப் போய்த் தும்மினால் வெள்ளை மாவுதான் வரும். தேய்த்துக்கொண்டே, பக்கத்து மேசையில் களிமண் பிசைகிறவர்களை ஓரக்கண்ணால் பார்ப்பாள். ஒரு நாள் களிமண்காரர் ஒருவர் வராமல் போக, "நான் செஞ்சு பாக்கட்டுமா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். முதலாளி சிரித்தார். சாயங்காலம் அவள் செய்து வைத்திருந்த காதைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. அதன்பிறகு உப்புத்தாளை வேறு யாரோ பிடித்தார்கள். களிமண்ணில் உருவம் பிடிப்பது, அதன்மேல் அச்சு எடுப்பது, அச்சுக்குள் ஃபைபர் துணியைப் பரப்பிப் பிசின் பூசி, காய்ந்ததும் கழற்றுவது என்று முழு வேலையும் அவள் கைக்கு வந்து சேர்ந்தது.

அந்தப் பட்டறையில் ஒரு குறுக்கு வழி உண்டு. ஆண் பொம்மைக்கும் பெண் பொம்மைக்கும் உடம்புக்கு ஒரே அச்சுதான். ஆணுக்குத் தோளில் கொஞ்சம் கூட்டுவார்கள். பெண்ணுக்கு இடுப்பில் செதுக்குவார்கள், மார்பில் அப்புவார்கள், விரல்களைத் தேய்த்துத் தேய்த்து ஊசியாக்குவார்கள். அந்த விரலால் ஒரு குடத்தைத் தூக்க முடியாது, ஒரு பொத்தானைக்கூடப் போட முடியாது. "பாக்கறவன் உடுப்பைத்தான் பார்ப்பான். உள்ள எலும்பையா எண்ணப் போறான்?" என்பார் முதலாளி. பொம்மையக்காவும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. வேலை சட்டென்று முடிந்தது, அவ்வளவுதான்.

பிறகு கடைக்காரர்கள் தலையும் கையும் இல்லாத, ஒற்றைக் கம்பிக்காலில் நிற்கிற மலிவுப் பொம்மைகளுக்கு மாறிவிட்டார்கள். பட்டறையை இழுத்து மூடினார்கள். பொம்மையக்கா வீட்டில் உட்கார்ந்து கொஞ்சநாள் சுவரைப் பார்த்தாள். பஸ் ஓட்டுகிற அவள் கணவன்தான், தன் வண்டி போகிற வழியில் இருக்கிற மியூசியத்தில் ஒரு மானுக்குக் காது ஒடிந்துபோய்க் கிடக்கிறது, ஒட்டவைக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தான். போனாள், ஒட்டினாள். எந்தக் காது ஒடிந்தது என்று வாயிற்காவலருக்கே அப்புறம் அடையாளம் தெரியவில்லை. மானுக்குப் பின்னால் கரடியின் நகம், கரடிக்குப் பின்னால் ஆமையின் ஓடு என்று வேலை வளர்ந்து, கட்டடத்தின் பின்பக்கத்தில், ஜெனரேட்டர் அறைக்கும் துடைப்பம் போடுகிற அறைக்கும் நடுவில் அவளுக்கென்று ஒரு நீளமான அறையையே ஒதுக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் மியூசியத்தில் பூச்சிகளுக்குத் தனிக்கூடம் கட்ட முடிவு செய்தார்கள். வாசலில் நுழைந்ததும் பார்க்கிறவர் வாயைப் பிளக்கிற மாதிரி ஏதாவது இருக்க வேண்டும் என்பது இயக்குனரின் ஆசை. என்ன வைக்கலாம் என்று யோசித்து, சாணி வண்டு ஜோடி ஒன்று என்று முடிவாயிற்று. உண்மையில் விரல்நகம் அளவே இருக்கிற வண்டு. அதை ஒரு வேன் அளவுக்குப் பெரிதாக்க வேண்டும். ஆண் வண்டுக்குத் தலையிலிருந்து பின்னோக்கி வளைந்த இரண்டு கொம்பு, காளைக்கு இருப்பது போல. பெண்ணுக்குக் கொம்பு கிடையாது.

வீட்டில் இதைச் சொன்னதும் மாமியார் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, உலகத்துல வேற ஜீவனே இல்லையா? சாணி வண்டுக்கா சிலை வைக்கிறாங்க?"

"சிலை இல்ல அத்தை, மாதிரி உருவம்."

"எதா இருந்தா என்ன, சாணி சாணிதானே. யாராவது என் மருமக என்ன வேலை பாக்கறான்னு கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"மாடு கன்னு வேலைன்னு சொல்லிடு," என்றான் கணவன். மாமியார் அவனை முறைத்த முறைப்பில் அவன் தட்டோடு எழுந்து போய்விட்டான்.

ஆண் வண்டைத்தான் முதலில் எடுத்தாள். மியூசியத்தின் பூச்சி ஆராய்ச்சியாளர் ஒரு பெண். சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு சின்னக் குப்பியும் அதற்குள் ஏதாவது ஊர்வதுமாகத் திரிவதால் எல்லாருக்கும் அவர் பூச்சி டாக்டர். அவர் நிறையப் படங்களைக் கொடுத்துவிட்டு, வேறு ஏதோ வண்டைத் தேடிக் காட்டுப்பக்கம் போய்விட்டார். பொம்மையக்கா படங்களைச் சுவர் முழுக்க ஒட்டி வைத்துக்கொண்டு இறங்கினாள். கொம்புகளுக்குள் இரும்புக்கம்பி கொடுத்து வளைத்தாள். முதுகுக்குக் கறுப்பின் மேல் பச்சை ஓடுகிற மாதிரி வர்ணத்தை மெல்லிய பூச்சாகப் பூசிப் பூசி ஏற்றினாள். முடிந்தபோது கூட்டிப் பெருக்குகிறவரிலிருந்து கணக்கர் வரைக்கும் வந்து, கொம்புக்கு அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இயக்குனர் சுற்றிச் சுற்றி வந்தார். "அக்கா, ராஜா மாதிரி இருக்கான்!" என்றார்.

பெண் வண்டுக்கு அவள் அவ்வளவு மெனக்கெடவில்லை. பட்டறைப் பழக்கம் கையில் ஊறியிருந்தது. அதே அச்சில் இன்னொன்று வார்த்தாள். கொம்பு வருகிற இடத்தை அடைத்து மழமழவென்று தேய்த்தாள். அதே வர்ணம், கொஞ்சம் மங்கலாக. ஆண் வண்டுக்கு ஆன நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. இரண்டும் அறையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பார்க்க ஜோடி மாதிரிதான் இருந்தது.

பூச்சி டாக்டர் காட்டிலிருந்து திரும்பியவர், காலணி மண்ணைக்கூடத் தட்டாமல் நேரே அந்த அறைக்கு வந்தார். ஆண் வண்டைப் பார்த்ததும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். "அடேங்கப்பா! அக்கா, இவன் மூச்சு விடறான்!" பிறகு பெண் வண்டின் பக்கம் போனார். முன்னால் நின்றார், பின்னால் போனார், தரையில் மல்லாக்கப் படுத்து அடிவயிற்றைப் பார்த்தார். எழுந்து உட்கார்ந்துகொண்டு தலையைச் சொறிந்தார்.

"என்ன டாக்டர்?"

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. இது பொம்பள இல்ல. கொம்பு ஒடிஞ்ச ஆம்பள."

பொம்மையக்காவுக்குச் சுருக்கென்றது. எத்தனை ஆயிரம் பெண் உருவம் பிடித்த கை! "பாதி ஆயுசா பொம்பள உடம்பு செஞ்சுட்டு வர்றேன். பொம்பள எதுன்னு எனக்குத் தெரியாதா?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டாள்.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "நான் வாயால சொன்னா புரியாது. வாங்க எங்கூட," என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

மாடியில் வண்டு வளர்க்கிற அறை. வெதுவெதுப்பாக, ஈரமண் வாசனையும் சாணி வாசனையும் கலந்து அடிக்கிற இடம். அலமாரி முழுக்க மண் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிகள். டாக்டர் ஒரு பெட்டியிலிருந்து கொம்பு வண்டு ஒன்றை எடுத்து அவளுடைய வலது கையில் வைத்து, "விரலை மூடுங்க," என்றார். மூடினாள். வண்டு உள்ளங்கையில் கொம்பை வைத்து முட்டியது, திரும்பிப் பார்த்தது, பேசாமல் இருந்துகொண்டது. "இப்ப இது," என்று இடது கையில் கொம்பில்லாத ஒன்றை வைத்தார். மூடினாள்.

அம்மாடி! இரண்டு விரலுக்கு நடுவில் யாரோ கடப்பாரை போட்டு நெம்புவது போல இருந்தது. விரல்நகம் அளவு வண்டு அவள் விரல்களைப் பிளந்துகொண்டு வெளியே வந்து, கையின் பின்புறத்தில் நின்று அடுத்து எங்கே தோண்டலாம் என்று பார்த்தது. களிமண் மூட்டையை இடுப்பில் வைத்துத் தூக்குகிற கை அவளுடையது. அந்தக் கையால் ஒரு வண்டைப் பிடித்து வைக்க முடியவில்லை.

"என்ன பலம் டாக்டர் இதுக்கு!"

"சுரங்கம் தோண்டறது பெரும்பாலும் அவதான். காலைப் பாருங்க."

டாக்டர் பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். ஆணின் முன்கால் நீளம், மெலிவு, லேசாக வளைந்தது. பெண்ணின் முன்காலோ குட்டை, அகலம், ஓரம் முழுக்கத் தடித்த பல். மண்வெட்டியும் ரம்பமும் சேர்ந்த மாதிரி. ஆணின் நெற்றி வழவழப்பாக, புள்ளி வைத்தது போல. பெண்ணின் நெற்றியில் குறுக்காக வரிவரியாய்ச் சுருக்கம், அதன் பின்னால் ஒரு மேடு. மண்ணை முட்டித் தள்ளுகிற நெற்றி அல்லவா. புரட்டிப் போட்டுக் காட்டினார். அடிவயிற்றின் கடைசிப் பட்டை ஆணுக்கு நடுவில் கிள்ளி எடுத்தது போல ஒடுங்கியிருந்தது. பெண்ணுக்கு அதே பட்டை நடுவிலும் நல்ல அகலம்.

"கொம்பு சண்டைக்கு," என்றார் டாக்டர். "சுரங்க வாசல்ல நின்னு, இன்னொருத்தன் வந்தா முட்டித் தள்ளுவான். சாணியை இழுத்து உள்ள குடுப்பான். அவ கீழ அறை தோண்டி, சாணியை உருண்டை புடிச்சு, ஒவ்வொரு உருண்டைக்குள்ளயும் ஒரு முட்டை வைப்பா. அவளுக்குக் கொம்பு இருந்தா அந்தச் சந்துல திரும்பவே முடியாது."

பொம்மையக்கா கண்ணாடிப் பெட்டிக்குள் பெண் வண்டை விட்டாள். அது ஒரு கணம் நின்றது. பிறகு மண் கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான், ஆளைக் காணோம்.

அவள் கீழே இறங்கி வந்து தான் செய்த பெண் வண்டின் முன்னால் நின்றாள். மெலிந்த கால். மழமழவென்ற நெற்றி. இதை மண்ணில் விட்டால் ஒரு பிடி மண்கூடத் தோண்டாது. கோபமெல்லாம் இறங்கி, உள்ளுக்குள் வெட்கம் மாதிரி ஒன்று ஊறியது. துணிக்கடையில் நின்ற எத்தனையோ ஊசிவிரல்கள் கண்ணுக்கு முன்னால் வந்து போயின.

நேரே இயக்குனரின் அறைக்குப் போனாள்.

"சார், பெண் வண்டைத் திரும்பச் செய்யணும். புதுசா அச்சு எடுக்கணும்."

இயக்குனர் நல்ல மனிதர்தான். ஆனால் கூடம் திறக்கிற நாளைக் குறித்து ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. "அக்கா, இப்ப போய் இப்படிச் சொன்னா எப்படி? அது நல்லாத்தானே இருக்கு? கொம்பு இல்ல, அப்ப பொம்பள. வர்றவங்களுக்கு அது போதும்."

"எனக்குப் போதாது சார்."

"அவ்வளவு பெரிய உருவத்தை என்ன பண்றது? குப்பையிலயா போடறது?"

"அதுக்கு வழி நான் சொல்றேன் சார், ஆனா புதுசு செஞ்சாகணும்," என்று ஒற்றைக்காலில் நின்றாள். இயக்குனர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "வழியைச் சொல்லுங்க, அப்புறம் பாக்கலாம்," என்றார்.

வழி என்ன என்று தெரியாமலேயே களிமண்ணை ஊறப்போட்டாள். நேரம் கிடைத்தபோதெல்லாம் மாடிக்கு ஓடி, கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். பெட்டிகளை மெல்லியதாகச் செய்திருந்ததால் மண்ணுக்குள் சுரங்கம் போகிற வழி வெளியிலிருந்தே தெரியும். வாசலில் கொம்பன் காவல் நிற்பான். கீழே பெண் முதுகைக் காட்டிக்கொண்டு உருண்டையைத் தட்டித் தட்டி இறுக்குவாள். ஒரு மத்தியானம் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கொம்பில்லாத இன்னொரு சின்ன வண்டு, வாசல் பக்கமே போகாமல், கொஞ்சம் தள்ளி மண்ணைக் கீறிக்கொண்டு இறங்குவதைக் கண்டாள். குறுக்காகச் சந்து வெட்டி, கொம்பனுக்குத் தெரியாமல் கீழே இருந்த பெண்ணிடம் போய்ச் சேர்ந்தது.

"டாக்டர், இங்க பாருங்க. இது அவ அக்கா தங்கச்சியா? உதவிக்கு வந்திருக்கா?"

டாக்டர் வந்து குனிந்து பார்த்துவிட்டு, இருமல் வரும்வரைக்கும் சிரித்தார். "தங்கச்சியா? நல்லாச் சொன்னீங்க போங்க!" அந்த வண்டை மெதுவாக எடுத்துப் புரட்டிக் காட்டினார். கடைசிப் பட்டை நடுவில் ஒடுங்கியிருந்தது.

"ஆம்பளையா!"

"ஆம்பளைதான். புழுவா இருக்கும்போது சாப்பாடு பத்தலன்னா உடம்பு சின்னதா போயிடும், கொம்பும் வளராது. இருந்தாலும் இல்லாத மாதிரி ஒரு துளிதான். சண்டை போட்டா அந்தப் பெரியவன்கிட்ட ஜெயிக்க முடியுமா? அதான் பக்கவாட்டுல சந்து வெட்டித் திருட்டுத்தனமா உள்ள போறான். மேலாகப் பாத்தா பொம்பள மாதிரியே இருப்பான், நாங்களே ஏமாந்திருக்கோம்."

பொம்மையக்கா முக்காலியை விட்டு எழுந்தாள். கொம்பில்லாத ஆண்! கீழே அவள் அறையில் நிற்பது அவன்தானே?

"டாக்டர், நான் செஞ்சு வெச்சிருக்கேனே, அது இவன் இல்லையா?"

டாக்டர் கண்ணை மூடி, கீழே நிற்கிற உருவத்தை மனதுக்குள் அளந்து பார்த்தார். "கால் நீளம் அதிகம். உடம்பும் பெருசு. ஆனா…"

"காலைக் குறைச்சுடறேன். உடம்பை நடுவுல அறுத்து ஒடுக்கிடறேன். அது எனக்கு ஒரு வேலையா?"

இரண்டு பேரும் சின்னப் பெண்களைப் போலப் படியில் தடதடவென்று இறங்கி இயக்குனரின் அறைக்குள் நுழைந்தார்கள். ஒருவர் பேச்சை ஒருவர் பிடுங்கிச் சொன்னார்கள். வாசலில் காவல் நிற்கிறவன், கீழே அறையில் உழைக்கிறவள், பக்கத்துச் சந்தில் பதுங்கி வருகிறவன். இயக்குனர் முதலில் ஒன்றும் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"அப்ப ரெண்டு வண்டு பத்தாதே! மண்ணைப் பாதியா வெட்டின மாதிரி ஒரு பெரிய சுவர் வேணும். மேல அவன். கீழ, வர்றவங்க கண்ணுக்கு நேரா அவ. பக்கத்துல சந்து. அக்கா, தச்சரைக் கூப்பிடுங்க!" அதன்பிறகு அவசரப்படுத்தியதெல்லாம் அவர்தான்.

அப்படி ஒரு வேலை பொம்மையக்கா அதற்கு முன்னால் செய்ததில்லை. பெண் வண்டின் முன்காலைக் களிமண்ணில் பிடித்து, கலைத்து, மறுபடி பிடித்தாள். படத்தைப் பார்த்துச் செய்தால் கால் கால் மாதிரி இருந்தது, பலம் வரவில்லை. மாடிக்குப் போய் வண்டை மறுபடி கையில் மூடி, அது எங்கே ஊன்றுகிறது, எந்தப் பக்கமாகத் தள்ளுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு உணர்ந்தாள். திரும்பி வந்து மேல்காலை இன்னும் தடிமனாக்கினாள், தோள் மாதிரி இருக்கிற இடத்தில் சதை ஏற்றினாள். அப்போதுதான் வந்தது. நெற்றிச் சுருக்கத்துக்கு வெறும் கையாலேயே ஒவ்வொரு வரியாக அழுத்தினாள்.

அச்சிலிருந்து முதல் முன்காலைக் கழற்றும்போது, அதன் கனமே தாங்காமல் நடுவில் வெடித்துவிட்டது. பொம்மையக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். விடுமுறை நாள் என்று சாப்பாடு கொண்டுவந்திருந்த கணவன் உடைந்த துண்டைத் தூக்கிப் பார்த்தான். ஓட்டுநர் என்றாலும், ரிப்பேர் பார்த்துப் பார்த்துப் பஸ்ஸின் அடிவயிற்றில் பாதி வாழ்க்கையைக் கழித்தவன். "உள்ள ஒரு சட்டம்தானே குடுத்திருக்க? இது தோண்டற கால்னு நீதானே சொல்ற. ரெண்டு சட்டம் குடுத்துக் குறுக்க கட்டு," என்றான். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவனே கம்பியை வளைத்துக் கொடுத்தான். அடுத்த கால் கல் மாதிரி நின்றது. அவன் அதில் தொங்கிக்கூடப் பார்த்தான்.

வண்டின் காலிலும் அடிவயிற்று ஓரத்திலும் செம்பட்டை முடி இருக்கும். அதற்குத் தூரிகைமுடி வாங்கிவந்து, ஒவ்வொன்றாக ஊசித்துளையில் நட வேண்டும். கை போதவில்லை. காலை மட்டும் தனியாக வீட்டுக்கு எடுத்துவந்து கூடத்தில் வைத்துக்கொண்டு நட்டாள். மாமியார் முதல் நாள் மூக்கைச் சுளித்துக்கொண்டு சுற்றிப் போனார். அடுத்த நாள் நின்று பார்த்தார்.

"அது என்ன ஒரு பக்கமா சாய்ஞ்சு நிக்குது? முடின்னா அப்படியா இருக்கும்? நகரு." உட்கார்ந்து ஊசியை வாங்கிக்கொண்டார். துணி தைத்த கை அது, வரிசை தப்பவில்லை. "எனக்கே தலையில முடி இல்ல, இந்தச் சாணி வண்டுக்கு நட்டுக்கிட்டு இருக்கேன் பாரு," என்று முணுமுணுத்துக்கொண்டே நட்டார். கொஞ்சநேரம் கழித்து, "ஏம்மா, இது எத்தனை உருண்டை புடிக்கும்?" என்று கேட்டார்.

"நிறைய அத்தை. ஒவ்வொண்ணுக்கும் தனியா அறை வெட்டும்."

"அத்தனையும் இந்தக் காலாலயா?" மாமியார் அந்தக் காலை ஒருமுறை தடவிப் பார்த்தார். "அப்ப நல்லா கெட்டியாப் பண்ணியிருக்கியே. சரிதான்."

பழைய உருவத்தை அறுத்து ஒடுக்கி, காலைக் குறைத்து, தச்சர் கட்டிய மண்சுவரின் பக்கச் சந்துக்குள் கொஞ்சம் மல்லாந்தாற்போல ஏற்றினாள், அடிவயிற்றின் கடைசிப் பட்டை வெளியே தெரியும்படி. அவன் முகத்தில் எதுவும் செய்யாமலேயே ஒரு திருட்டு முழி வந்திருந்தது. கூட்டிப் பெருக்குகிறவர், பம்மிப் பம்மி வருகிறானே என்று, அவனுக்குப் "பம்மல்" என்று பேர் வைத்தார்.

கூடம் திறந்த அன்று பொம்மையக்கா கூட்டத்தில் ஓரமாக நின்றாள். மேலே கொம்பனைப் பார்த்து எல்லாரும் அண்ணாந்து "ஆ!" என்றார்கள். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அங்கே யாரும் நெடுநேரம் நிற்கவில்லை. கண் தானாகச் சுரங்கத்தோடு இறங்கி வந்தது. கீழே, அவர்கள் முகத்துக்கு நேராக, அகன்ற கால்களை ஊன்றி, வரி விழுந்த நெற்றியைச் சாய்த்து, தன்னைவிடப் பெரிய உருண்டையை இறுக்கிக்கொண்டு அவள் இருந்தாள். கூட்டம் அங்கேதான் தேங்கியது. உடற்பயிற்சிக்காரர் போல இருந்த ஒருவர் தன் கையை மடக்கி அந்தக் காலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே கையை இறக்கிக்கொண்டார். கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு பெண் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்திலிருந்த தன் கணவனை முழங்கையால் இடித்து, "பாத்தியா?" என்றாள். அவன், "பாத்தேன் பாத்தேன்," என்றான்.

பூச்சி டாக்டர் ஒலிபெருக்கியைப் பிடித்து விளக்கம் சொல்லி முடித்தார். "இந்தப் பெண் வண்டைச் செய்தவர் இங்கேதான் நிற்கிறார். என்னிடம் சண்டை போட்டார், இயக்குனரிடம் சண்டை போட்டார், அப்புறம் இதைச் செய்தார்," என்று பொம்மையக்காவை முன்னால் இழுத்து நிறுத்தினார். கைதட்டல் எழுந்தது. பொம்மையக்காவுக்குக் காது சூடாகியது. வழக்கமாக இப்படிப்பட்ட நேரத்தில் தலையைக் குனிந்துகொள்கிறவள்தான். அன்று குனியவில்லை. நிமிர்ந்து நின்று, தான் செய்ததைத் தானும் எல்லாரையும் போல ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. சொல்லப்போனால், பிரமாதமாக இருந்தது.

கூட்டத்தில் மாமியார் முன்பின் தெரியாத ஒருவரிடம், "என் மருமகதான். வண்டு செய்யறா," என்று சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது.

அதற்கப்புறம் வேறு ஊர் மியூசியங்களிலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நீளமான அறைக்குப் பக்கத்திலிருந்த துடைப்பம் போடுகிற அறையும் அவளுக்கே கிடைத்தது. இன்னொரு வகைச் சாணி வண்டில் பெண்ணுக்குத்தான் பெரிய கொம்பு என்று பூச்சி டாக்டர் ஒரு குப்பியோடு வந்து நிற்க, அதற்கும் களிமண் ஊற ஆரம்பித்தது.

ஒரு நாள் காலையில் பொம்மையக்கா மடியில் பிசின் டப்பாவோடு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். கணவன் ஓட்டுகிற வண்டி இல்லை, வேறு வண்டி. ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்த ஒரு பெரியவர் கண்டக்டரிடம், "வண்டு ஸ்டாப் ஒண்ணு குடுப்பா," என்றார். கண்டக்டர் எதுவும் கேட்காமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அப்படி ஒரு ஸ்டாப் எங்கே இருக்கிறது என்று பொம்மையக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பஸ் மியூசியத்தின் முன்னால் நின்றது.

"வண்டு ஸ்டாப் எல்லாம் எறங்கு!" என்று கண்டக்டர் கதவைத் தட்டினார்.

பொம்மையக்கா டப்பாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் இறங்கினாள்.